இங்கிலீஷில் ஐம்பது

சாம் சுய் போவில் ஒரு பள்ளிக்கூடம் தாய்மொழிக்கு விலை போட்டிருந்தது: ஒரு சொல்லுக்கு இரண்டு டாலர். பேரம் கிடையாது. பாடவேளையில் எந்தப் பிள்ளையின் வாயிலிருந்தாவது வீட்டில் பேசும் சீனமொழியான காண்டனீஸ் நழுவினால், ஆசிரியர் மேசையிலுள்ள பிஸ்கட் டப்பாவில் காசு விழ வேண்டும். மாதக் கடைசியில் எந்த வகுப்பின் டப்பா லேசாக இருக்கிறதோ அந்த வகுப்பு வாசலில் நீலக் கொடி தொங்கும்.

இரண்டாம் படிவம் 'பி' வகுப்பில் அந்தக் கொடி இறங்கியதே இல்லை. கணக்கு ஆசிரியர் மாக் சாருக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. "என்னப்பா மாக், உன் பசங்க எல்லாம் லண்டன்ல பொறந்ததுங்களா?" என்று ஓய்வறையில் சீண்டுவார்கள். அவர் சிரித்து வைப்பார். உண்மை என்னவென்றால், 'பி' வகுப்பில் யாரும் எந்த மொழியிலும் பேசுவதில்லை. கதவே திறக்காத கடையில் திருட்டு ஏது? வியாபாரமும்தான் ஏது?

மாக் சார் ஒப்பந்த ஆசிரியர். வருடா வருடம் நீட்டித்தால்தான் சோறு. ஆகவே தலைமையாசிரியை லூயி அம்மையார் பாடம் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், அவர் கணக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் பேசவேண்டிய இங்கிலீஷ் வாக்கியங்களைத்தான் உருப்போட்டார். அவருக்கும் அது கடன்வாங்கிய மொழிதானே.

அன்றைய பாடம் தள்ளுபடி. நூறு டாலர் சட்டை. முதலில் முப்பது சதவீதம் குறைப்பு, குறைத்த விலையில் மேலும் இருபது சதவீதம். கடைசி விலை என்ன? அம்மையார் பின்வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். வாக்கியத்தை வழுக்காமல் கரையேற்றுவதிலேயே மாக் சாரின் கவனமெல்லாம் இருந்தது. கை தன் பாட்டுக்கு முப்பதையும் இருபதையும் கூட்டிக் கழித்து, பலகையில் ஐம்பது என்று எழுதிவிட்டது.

புரிந்ததா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யெஸ் சார்!" ஒரே குரல்.

மூன்றாம் வரிசையில் லோக்யான் மட்டும் பாதி எழுந்தாள். அவள் அம்மா நடைபாதையில் துணிக்கடை போட்டிருப்பவள். அந்தத் தெருவில் எவ்வளவு குறைத்தோம் என்று யாரும் சொல்வதில்லை; எவ்வளவு தரவேண்டும் என்பதுதான் பேச்சு. 'பத்துக்கு ஏழு' என்று அட்டை தொங்கும். சாயங்காலம் கூட்டம் வராவிட்டால் அதன் மேல் 'பத்துக்கு எட்டு'. நூறு டாலர் சட்டை எழுபதாகி, ஐம்பத்தாறில் வந்து நிற்கும். அதை ஐம்பதுக்குத் தூக்கிக் கொடுக்க அங்கே எவளுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

"சார், பத்துக்கு ஏழுன்னா..." காண்டனீஸில் வந்துவிட்டது.

வகுப்புத் தலைவன் சுன்ஹிம் பின்னாலிருந்து அவள் சட்டையை இழுத்தான். "உக்காருடி! மேடம் இருக்காங்க, கொடி போயிடும்!" அதுவும் காண்டனீஸ்தான், கிசுகிசுப்புக்கு அபராதமில்லை. மாக் சார் புன்னகையோடு உதட்டில் விரல் வைத்து, டப்பாவைக் கண்ணால் காட்டினார். லோக்யான் காசைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க உச்சரிப்பு ரொம்ப சுத்தம், மிஸ்டர் மாக்" என்றார் அம்மையார், வெளியே வந்ததும். "பசங்களும் என்ன ஒரு கட்டுப்பாடு!" பலகையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

பருவத்தேர்வு வந்தது. வினாத்தாள் வேறோர் ஆசிரியர் தயாரித்தது. அதே கணக்கு, சட்டைக்குப் பதில் காலணி. விடை ஐம்பத்தாறு என்று குறிப்பில் இருந்தது. மாக் சார் திருத்த உட்கார்ந்தார். முதல் தாளில் ஐம்பது. அடுத்ததிலும் ஐம்பது. "இதுங்க மண்டையில என்னதான் இருக்கு?" என்று முணுமுணுத்தபடி சிவப்புக் கோடுகளை இழுத்துக்கொண்டே போனார்.

லோக்யான் தாளில் கை நின்றது. எழுபது, பிறகு ஐம்பத்தாறு. வரி வரியாகச் சரியான கணக்கு. அத்தனையையும் அளவுகோல் வைத்து நேராக அடித்துவிட்டு, கீழே ஐம்பது என்று எழுதியிருந்தாள்.

பலகையில் தான் எழுதியது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினார். "சரியாத்தானே போட்டிருந்த? எதுக்கும்மா அடிச்ச?"

அவள் இருபுறமும் பார்த்துக்கொண்டாள். "நீங்க போர்டுல ஐம்பதுன்னு போட்டீங்களே சார்."

"அது என் தப்பு. உனக்கு அன்னிக்கே தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. எல்லாரும் யெஸ் சார்னாங்க. பெரிய மேடமும் தலையாட்டினாங்க. சரி, எங்கம்மா கடையில ஐம்பத்தாறு, இங்கிலீஷ்ல ஐம்பது போலிருக்கு, இங்கிலீஷ்ல கணக்கு வேற மாதிரி வரும்னு விட்டுட்டேன்."

அவள் முகத்தில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"இனிமே எந்த பாஷையில வேணா கேளும்மா."

"பரவால்ல சார். போர்டுல இருக்கறத எழுதிக்கறேன். கேக்காம இருந்தா ஈஸியா இருக்கு."

மாக் சார் நேரே லூயி அம்மையாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மார்க்கைச் சரி பண்ணிடுங்க. மத்ததுல கை வைக்காதீங்க. பெத்தவங்க அந்தக் கொடியைப் பாத்துத்தான் இங்க சேக்கறாங்க. உங்க ஒப்பந்தமும் இந்த மாசந்தான் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. இருந்தும் மறுநாள் 'பி' வகுப்பில் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, காண்டனீஸில் பேசினார்.

"அன்னிக்கு நான் போட்டது தப்பு. உங்கள்ல ஒருத்திக்கு அது தெரியும். அவ வாயை நான்தான் அடைச்சேன். உங்களுக்கு இங்கிலீஷ் வரலைங்கறது பெரிய குறை இல்ல, நாளைக்கு வந்துடும். தப்புன்னு தெரிஞ்சும் தலையாட்ட நான் பழக்கினேன் பாருங்க, அதுதான் குறை. புரியலைன்னு சொல்ல புள்ளைங்க பயப்படற வகுப்புல, எந்த பாஷையில நடத்தினாலும் அது பாடமே இல்ல."

கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டினார். பத்துக்கு ஏழு, அதில் பத்துக்கு எட்டு. பிறகு திரும்பி, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார்.

"நோ சார்!" ஒரே குரல்.

லோக்யான் ஐம்பதை அடித்துவிட்டு ஐம்பத்தாறு என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பதை எழுதிய அதே முகம். தலை நிமிரவில்லை.

மணி அடித்தபோது வரவுசெலவு இப்படி நின்றது. திருத்திய விடை, வகுப்பு முழுவதும். உயர்ந்த கை, ஒன்றுமில்லை. மாக் சார் அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கித் திருப்பித் தராதது, ஒரு கேள்வி. பாக்கி.