நாற்பது சொல்ல நாலு விரல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. போன புதன்கிழமை வேலூரில், ஒரு மோட்டார் ஷெட் வாசலில், என் வலது கைக்குள் அது வந்து விழுந்தது. ஆறு நாளாகிறது. கை இன்னும் சரியாகவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை மூன்று தொடக்கம் எழுதினேன்.

"1934-ம் வருஷத்திலே, ஆம்பூரிலே ரத்தினசாமி என்றொரு தோல் வியாபாரி இருந்தான். அவன் பழைய மோட்டார் சாமான் வாங்க வேலூருக்குப் போனபோது..."

(அடித்துவிட்டேன். ரத்தினசாமி என்று ஒருவனும் இல்லை. நான் செய்ததை அவன் தலையில் கட்டிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். என்ன புத்தி பாருங்கள்.)

"மோட்டார் யுகம் நம் ஜில்லாவுக்கும் வந்துவிட்டது. இன்று ஆம்பூரிலிருந்து திருப்பத்தூருக்கு..."

(இது கட்டுரை. பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

"விரலைக் காணோம்."

(இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் படிக்கிறவர்கள் பயந்து பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நான் பயந்த மாதிரியே.)

ஆகவே ஒழுங்காகச் சொல்கிறேன். என் பெயர் தேவானந்தம். ஆம்பூர் தோல் மண்டியில் பதினோரு வருஷமாகத் தரம் பிரிக்கும் மேஸ்திரி. எப்போதாவது கதையும் எழுதுவேன். சாமான் வாங்கப் போனவன் நான்தான்.

2

என் மனைவி அமிர்தவள்ளியின் தம்பி வில்சன் பஸ் ஓட்டுகிறான். மோட்டார் ரிப்பேர் நன்றாகத் தெரியும். சொந்தமாக ஒரு ஷெட் போடவேண்டும் என்று இரண்டு வருஷமாக என் உயிரை எடுத்தான். கடைசியில் அமிர்தவள்ளி தன் சங்கிலியைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். அதற்கப்புறம் நான் என்ன பேசமுடியும்?

அப்போதுதான் வேலூரில் வாஹித் பாஷா தன் மோட்டார் ஷெட்டை மூடப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பாஷா எனக்கு நண்பர் என்று சொல்லமாட்டேன். அறிமுகம். எங்கள் மண்டிக்கு லாரி கொண்டுவருவார், வழியில் எந்த வண்டி நின்றாலும் இறங்கிச் சரிசெய்வார், வந்தால் ஒரு டீ குடிப்போம். ஒரே ஒரு தடவை மட்டும், அமிர்தவள்ளிக்குப் பிரசவ வலி கண்ட நாளில், தோல் மூட்டையெல்லாம் இறக்கிப்போட்டுவிட்டு அவளை லாரியில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கூலி வாங்கவில்லை.

(இந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று நாள் முழுக்க யோசித்தேன். எடுத்துவிட்டால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். ஆகவே வைக்கிறேன்.)

சாமான் ஜாபிதா இது: ஜாக்கி இரண்டு, பெரிய வைஸ் ஒன்று, காற்றடிக்கும் பம்பு, கை டிரில், ஒரு பெட்டி ஸ்பேனர், இஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி. புதுசாக வாங்கினால் சென்னையில் என்ன விலை என்று வில்சன் விசாரித்து வைத்திருந்தான். தேய்மானம் கழித்து, நானும் அவனும் முற்றத்தில் உட்கார்ந்து நியாயமாகப் போட்ட விலை நூற்றெழுபது ரூபாய். அதில் அறுபது கப்பிக்கு மட்டும். கப்பி இல்லாவிட்டால் நூற்றுப்பத்து. இந்த மூன்று எண்களையும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். பின்னால் உங்களைக் கேட்பேன்.

வில்சனுக்கு அன்று திருப்பத்தூர் டிரிப். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

3

பாஷா வாசலிலேயே நின்றிருந்தார். நீளமான ஜிப்பா, வலது கை அதன் பையில். இடது கையால் சலாம் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் டீ வந்தது. அதையும் இடது கையால் எடுத்துக் கொடுத்தார். பதினோரு வருஷப் பழக்கம், ஒரு விருந்தாளிக்கு இடது கையால் டீ கொடுக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாமானை விற்கிறவர் நீர், காசு கொண்டுவந்திருப்பவன் நான், இவ்வளவு அலட்சியமா என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. மனசுக்குள் விலையில் முப்பது ரூபாய் குறைத்தேன்.

ஆமாம், அந்த இடது கைக்கு முப்பது ரூபாய் அபராதம். நூற்றெழுபது நூற்றுநாற்பதாயிற்று. சாமானை நான் இன்னும் பார்க்கவேயில்லை.

சாமானெல்லாம் வரிசையாக, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. கப்பியைக் காணோம். கேட்டேன். அது வேண்டாம் மேஸ்திரி, அது நல்லாயில்லை, மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூலையில் ஒரு கோணிச் சாக்குக்கு அடியில் சங்கிலி தெரிந்தது.

இங்கேதான் என் தொழில் என் கண்ணை மறைத்தது. மண்டியில் அடுக்குப் போட்டுத் தோல் விற்கிறவன், எது நல்லாயில்லை என்று சொல்லி ஓரமாக ஒதுக்குகிறானோ, அதுதான் அந்த அடுக்கிலேயே முதல் தரம். வேறொருவனுக்கு ஜாஸ்தி விலைக்குப் பேசி வைத்திருப்பான். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இது பொய்த்ததில்லை. ஆகவே நானே போய்ச் சாக்கை இழுத்துப்போட்டேன். கப்பி பளபளவென்று இருந்தது. பாஷாவைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கப்பி இல்லாமல் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடி வேண்டாம் என்றார். நான் பிடித்த பிடியில் நின்றேன்.

அப்புறம் விலை. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தோளிலிருந்த துண்டை எடுத்தேன்.

(தெரியாதவர்களுக்கு: எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. இருவரும் வலது கையை ஒரு துண்டுக்கடியில் விடுவார்கள். வாங்குகிறவன் விற்கிறவனுடைய விரல்களைப் பிடிப்பான். எத்தனை விரலோ அத்தனை; ஐந்துக்கு மேல் போனால் திரும்பப் பிடிப்பான். முதல் பிடி நூறு, அடுத்த பிடி பத்து. பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது. நடுவில் துண்டு விழுந்துவிட்டால் அன்றைக்கு அந்தச் சரக்குக்கு வியாபாரம் இல்லை.)

பாஷா துண்டைப் பார்த்தார்.

"வாயால சொல்லிடலாமே, மேஸ்திரி."

எங்கள் பக்கம் இதுதான் முறை என்றேன். துண்டு விழுந்தால் வியாபாரம் இல்லை என்ற சட்டத்தையும் நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவர் ஜிப்பாப் பையிலிருந்து கையைத் துண்டின் மறைவிலேயே எடுத்து உள்ளே விட்டார்.

4

முதல் பிடி. நூறு. ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். சரியாக இருந்தது.

இரண்டாம் பிடி. நாற்பதுக்கு நாலு விரல். கையை விரித்து நாலையும் சேர்த்துப் பிடிக்கப் போனேன்.

ஒன்று இருந்தது. அதற்கப்புறம்

(இந்த வாக்கியத்தை ஒன்பது தடவை எழுதினேன். ஒன்பது தடவையும் இதே இடத்தில் நின்றுவிட்டது. அப்படியே விடுகிறேன்.)

இருந்தது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான். மற்ற மூன்றும் இல்லை. அந்த இடத்தில் புதுசாக மூடிய தோல், வழவழவென்று, மேடும் பள்ளமுமாக. தோலைத் தடவித் தடவியே பிழைக்கிறவன் நான். தடவினாலே எத்தனை நாள் தோல் என்று சொல்லிவிடுவேன். அது இரண்டு மாதத்துத் தோல்.

பாஷா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"இருக்கிறத புடிச்சி சொல்லுங்க."

நான் கையை உதறினேன். நெருப்பில் கை பட்டவன் மாதிரி உதறினேன். துண்டு கீழே விழுந்தது. அந்தக் கை வெட்டவெளியில், சைக்கிள் கடைக்காரர்கள் இருவர் முன்னால், அப்படியே நீட்டியபடி நின்றது. உள்ளே தட்டி மறைவில் அவர் மனைவி அன்வரி பேகம் வாயைப் பொத்திக்கொண்ட சத்தம் கேட்டது. இரண்டு மாதமாக ஊருக்குத் தெரியாமல் பைக்குள் வைத்திருந்த கையை நான் ஒரு நொடியில் அவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

இன்னா ஆச்சு பாய் என்று கேட்டேன்.

அவர் தாடையால் கப்பியைக் காட்டினார்.

"அதான். சங்கிலி புடிக்கல, இஞ்சின் எறங்கிட்ச்சி. நாந்தான் வேணாம்னேனே."

பிறகு குனிந்து, இடது கையால் என் துண்டை எடுத்துத் தட்டினார். துண்டு விழுந்துவிட்டது, இன்றைக்கு வியாபாரம் இல்லை, அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்றார். என் சட்டத்தை எனக்கே சொன்னார். நான் துண்டைக்கூட வாங்காமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

5

இப்போது ஒரு கதாபாத்திரச் சந்தேகம். ஆசிரியர் நிச்சயம் கேட்பார்: இந்த பாஷா நம்பும்படியாக இல்லையே, கப்பிதான் விரலைத் தின்றது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே?

சரி என்று அவரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். "பாஷா தந்திரமாகக் கையை மறைத்தார், ஏனென்றால்..." ஏனென்றால் என்ன? கை போன மெக்கானிக்கின் சாமான் என்று தெரிந்தால் ஊரே பாதி விலைக்குக் கேட்கும். அவர் கேட்டது சாமானுக்கு விலை. கைக்கு இல்லை. ஆகவே கையை மறைத்தார். கப்பியையும் மறைத்தார், அது இன்னொருவனைத் தின்னக்கூடாது என்று. இரண்டையும் மறைவிலிருந்து இழுத்து வெளியே போட்டவன் நான். இதில் அவரை எங்கே கெட்டவராக்குவது?

வில்சனிடம் சொன்னேன். பஸ் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் வாளியைக் கீழே வைத்தான்.

"அதுக்குக் கீழ படுக்கப் போறது நானு, மாமா."

அவ்வளவுதான் சொன்னான். அமிர்தவள்ளி அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டாள். அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. அந்தச் சங்கிலியைக் கொடுத்து நான் தம்பியின் தலைக்கு மேல் என்ன தொங்கவிடப் பார்த்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

6

இன்று செவ்வாய்க்கிழமை. நாளை புதன். நான் வேலூருக்குப் போகவேண்டும். கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: துண்டுக்கடியில் நூற்றுப்பத்து சொல்கிறேன். கப்பி நீங்கலான நியாய விலை. ஒரு விரல், ஒரு விரல். அவர் கையில் மிச்சமிருக்கிற விரல்களுக்கு அது தாராளமாகப் போதும். கணக்கு சுத்தம். (இவ்வளவு சுத்தமாக வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.)

இரண்டாம் முடிவு: நூற்றெழுபது சொல்கிறேன். எழுபதுக்கு ஏழு விரல் வேண்டும். இருக்கிற இரண்டை மூன்று முறை பிடித்து, பின் ஒன்றைப் பிடிக்கவேண்டும். நான் பிடிக்கப் பிடிக்க அவர் என்ன நினைப்பார்? பிச்சை போடுகிறான் என்று கையை உதறினால்? அந்த உதறலுக்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாம் முடிவு: நான் போகவேயில்லை. வேறு எங்காவது வாங்கிக்கொள்கிறேன். (இதை எழுதிய தாளைக் கசக்கிவிட்டேன். ஆனால் எழுதினேன் என்பதைச் சொல்லவேண்டும்.)

இந்த இடம்வரை எழுதி, சாப்பிட எழுந்தபோது ஒரு லாரி டிரைவர் வந்தார். பாஷா பாய் கொடுத்தனுப்பினார் என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். அவர்தான் இன்னொன்றும் சொன்னார், கேட்காமலே. பாஷா விறகுக் கடை ஒன்றைப் பேசியிருக்கிறாராம். நூற்றைம்பது கட்டினால்தான் கிடைக்குமாம். இனிமேல் ஸ்பேனர் பிடிக்க முடியாதவருக்கு வேறு வழியில்லையாம்.

பொட்டலத்தைப் பிரித்தேன். என் துண்டு. துவைத்து, நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. மடிப்புக்குள் கையளவு இரும்புத் துண்டு ஒன்று. எனக்குத் தெரியவில்லை. வில்சன் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனான். சங்கிலி பின்னால் ஓடாமல் பிடித்து நிறுத்தும் கொண்டியாம். பல் மழுங்கியிருந்ததை விரலால் தடவிக் காட்டினான். போதாதென்று, நட்டநடுவில் ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கி, ஒரு பாதியை மட்டும் அனுப்பியிருந்தார். இனி அந்தக் கப்பியை யாரும் யாருக்கும் விற்கமுடியாது. நான் அறுபது ரூபாய் மதிப்புப் போட்ட சாமானை, நூற்றைம்பது தேவைப்படுகிற மனுஷர், ஒற்றை இடது கையால் உட்கார்ந்து அறுத்திருக்கிறார்.

எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று வில்சனைக் கேட்டேன். அவன் கொண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

7

முடிவு என்னிடம் இல்லை. என்னிடம் இருந்த மூன்றையும் அந்த இரும்புத் துண்டு செல்லாததாக்கிவிட்டது. ஆகவே உங்களிடம் வருகிறேன். நீங்கள் தோல் மண்டியைப் பார்த்ததில்லை, ஆம்பூரே தெரியாது, பரவாயில்லை. எண்கள் உங்களுக்குத் தெரியும். சாமானின் விலை நூற்றுப்பத்து. அவருக்கு வேண்டியது நூற்றைம்பது. இடது கை டீக்கு நான் போட்ட அபராதம் முப்பது. என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு அவர் வாங்கிய கூலி ஒன்றுமில்லை.

இதோ துண்டை விரிக்கிறேன். துவைத்த துண்டு, பயப்படவேண்டாம். உங்கள் வலது கையை உள்ளே விடுங்கள். அவர் கை அங்கே இருக்கிறது, முந்தியே வந்துவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறது. முதல் பிடி நூறு, அதில் சண்டையில்லை. இரண்டாம் பிடி உங்களுடையது.

என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டாம். ஒன்றே ஒன்று. தொட்டதும் கையை உதறிவிடாதீர்கள்.