பெல்ஜியத்துக்காரனுக்குக் கேட்காத இடம்

பெல்ஜியத்துக்காரன் ஒருவன் என்னைப் பொய்யன் என்று எழுதிய காலையில் நான் பாணைச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கோபத்தில் அல்ல, சந்தோசத்தில். நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பவோ நம்பாமல் விடவோ ஆள் இல்லாமற் போயிருந்தது. மனைவி விமலேஸ்வரி நான் சொல்வதில் பாதியைத் தானாகவே கழித்துக்கொள்வாள். மிச்சப் பாதியைக் கோழிகள் கேட்கும். இப்போது கடல் கடந்து ஒருவன் வேலை மினக்கெட்டு என்னோடு சண்டை பிடிக்கிறான்!

கவனிப்பாரற்றுப் போன பழைய புரோகிரசிவ் ரொக் அல்பங்களுக்காக வாதாடுகிறவர்கள் கூடும் இணையத்தளம் அது. பெரும்பாலும் என்னைப் போன்ற கிழடுகள். நாங்கள் சண்டை பிடித்தது ‘பேல் லாண்டர்ன்’ என்ற ஆங்கிலேயக் குழு எழுபத்துமூன்றில் வெளியிட்ட ‘ஹார்பர்மாஸ்டர்ஸ் ஸ்லீப்’ பற்றி. ‘துறைமுக அதிகாரியின் நித்திரை’ என்று என் சிநேகிதன் பஸ்தியாம்பிள்ளை அதைத் தமிழாக்கியிருந்தான். அரச உத்தியோகத்தன் ஒருவன் நித்திரை கொள்வதைப் பற்றியது என்பதால்தான் எனக்குப் பிடித்தது என்பான். இசைத்தட்டின் முதற்பக்கத்தைப் பாட்டுக்காரன் கெடுத்தான் என்று ஆர்ஜென்டீனாக்காரி ஒருத்தி எழுதியிருந்தாள். இல்லை, அந்தக் கரகரத்த குரல் இல்லாவிட்டால் அல்பமே இல்லை என்று லீட்ஸ் நகரத்துக்காரன் ஒருவன் அவளை விரட்டினான். இரண்டாம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு கிடக்கும் அந்த ஒரே பாட்டைப் புரியாமல் உலகம் நாசமாய்ப் போனது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒற்றுமை.

நானும் என் பங்குக்கு எழுதினேன். இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறக்கும்போது இந்த அல்பத்தைப் போட்டால் தண்ணீர் தாளம் தப்பாமல் பாயும் என்றேன். வன்னியின் எருமைகள் அந்த மேளக்காரனின் கைக்குத் தலையாட்டும் என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை, ஆர்ஜென்டீனாக்காரி இதயம் போட்டாள். பிறகு ஒரேயோர் உண்மையை எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் புல்லாங்குழல் முடிந்து ஓர்கன் ஏறிவரும்போது, எல்லா வாத்தியங்களும் ஒன்றாகத் தொய்ந்து, சுருதி கீழே சரிந்து, கப்பலின் இயந்திரம் நடுக்கடலில் சாகப்போவதுபோல் ஆகி, பிறகு மெல்ல மெல்ல உயிர்பிடித்து எழும் இடம். இசையில் அதைப்போல் இன்னோர் இடம் கிடையாது என்று எழுதினேன். அதற்குத்தான் பெல்ஜியத்துக்காரன், அப்படி ஒன்று அல்பத்தில் எங்குமே இல்லை, நீ பொய்யன் என்றான்.

லீட்ஸ்காரன் எனக்குத் துணைக்கு வந்தான். இலங்கைக்குப் போன பிரதிகள் வேறாக இருந்திருக்கலாம் என்றான். ஒரு கிழமைக்குள் ‘சிலோன் பிரதி’ என்ற ஒன்று பிறந்துவிட்டது. அதைத் தேடி ஆட்கள் கொழும்புப் பழைய கடைகளுக்குக் கடிதம் போட்டார்கள். நான் விட்ட புழுகுகளையெல்லாம் நம்பியவர்கள், உண்மையைக் காப்பாற்றத் தாங்களே புழுகு கட்டியதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடுதான் பஸ்தியாம்பிள்ளையின் தொலைபேசி அழைப்பை எடுத்தேன்.

“அப்புத்துரை, கிறேஸ் உன்னை வரட்டாம். அந்தப் பாட்டுப் போனில வருமாமே, கேக்கோணுமாம். கேட்டாப் பிறகு வின்சன்ர விசயம் சொல்லுறனெண்டிறாள்.”

கிறேஸ் அவனுடைய தங்கை. வின்சன் அவளுடைய கணவன். கப்பலில் வேலை செய்து, ரொட்டர்டாமில் வாங்கிய அந்த அல்பத்தின் ஒற்றைக் கசற்றோடு முல்லைத்தீவுக் கரைக்கு வந்து இறங்கியவன். இரண்டாயிரத்தொன்பதில், யுத்தத்தின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தில் சனத்தோடு சனமாக நெருக்குப்பட்டு வரும்போது அவனுடைய வலக்கையைத்தான் கிறேஸ் பிடித்திருந்தாள். பாலம் முடிந்தபோது அவள் பிடியில் அந்தக் கை இருக்கவில்லை. அன்றிலிருந்து அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் மாதா கோவிலில் இறந்தவர்களின் பெயர் வாசித்துப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது பஸ்தியாம்பிள்ளை கேட்பான், அவள் மாட்டேன் என்பாள். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு எப்படிப் பெயர் கொடுப்பது? இந்த முறைதான் ‘மாட்டன்’ என்ற சொல் வரவில்லை.

பாட்டை முதலில் நான் கேட்டுப் பார்த்தேன். மகள் அனுப்பிய இயர்போனைக் காதில் செருகி, மாமரத்தின் கீழ்க் கதிரை போட்டு இருந்தேன். புல்லாங்குழல் வந்தது. ஓர்கன் ஏறியது. ஏறி, தொய்யாமல், ஒரு மூச்சுக்கூடத் தடுக்காமல், நேரே போய்விட்டது. திருப்பித் திருப்பிப் போட்டேன். பெல்ஜியத்துக்காரன் சரி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொண்ணூறுகளில், யுத்தகாலத்தில், எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் கசற்றைப் பாட வைத்தோம். நானும் பஸ்தியாம்பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்போம். சுற்றுவது எப்போதும் வின்சன். அவன் கை களைத்தால் பாட்டும் களைக்கும். உலகத்தின் மிக உன்னதமான இடம் என்று நான் எழுதியது வின்சனின் தோள்மூட்டு. ஆங்கிலேயர்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

பரந்தன், புதுக்குடியிருப்பு என்று பஸ் மாறிக் கிறேஸ் இருக்கும் தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கிறேஸ் படலையில் நின்றாள்.

“பஸ்ஸில வந்தனீங்களோ அண்ணை, யானையில வந்தனீங்களோ?”

“பஸ்தான் தங்கச்சி. யானை வழியில மறிச்சது, ரிக்கற் எடு எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். எனக்கு முன்பே வந்திருந்த பஸ்தியாம்பிள்ளை என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தான்.

“ஞாயிறு ஃபாதரிட்டப் பேர் குடுக்கோணும். உன்ர வாயை வைச்சுக் குழப்பிப்போடாத.”

“அந்த இடம் இதில இல்லையடா,” என்றேன். “தொய்யிற இடம். அது வின்சன்ர கை.”

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். நான் ஒருநாளாவது உண்மை சொல்வேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலும்.

“அப்ப போடாத.”

“போடாட்டி அவ சொல்லமாட்டா.”

“போட்டால், ஆளும் இல்லை, அந்த இடமும் இல்லையெண்டு ஆகுமே?”

எனக்கும் அதுதான் பயம். வேறு பிரதி, இலங்கைக்கு வந்தது வேறு என்று லீட்ஸ்காரன் கட்டிக் கொடுத்த பொய்யை வழிநெடுக நாக்கில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

சுவரில் மாதாவுக்குப் பக்கத்தில் வின்சன் மாலுமித் தொப்பியோடு இருந்தான். படத்துக்கு மாலை இல்லை. கிறேஸ் கதிரை நுனியில் இருந்தாள். ஸ்ரூலின்மேல் போனை வைத்துப் பாட்டைத் தட்டினேன். புல்லாங்குழல் வந்ததும் அவள் கண்ணை மூடினாள். ஓர்கன் ஏறியது. பஸ்தியாம்பிள்ளை செபமாலையை இறுக்கிப் பிடித்தான். பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

“தங்கச்சி, இது வந்து, வேற பிரதி...” என்று தொடங்கினேன்.

“நிக்காமல் போகுது,” என்றாள் கிறேஸ். குரலில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது.

“அப்ப தொய்ஞ்சது, வின்சனுக்குக் கை களைச்சிருக்கும் பிள்ளை,” என்றான் பஸ்தியாம்பிள்ளை.

“அவருக்கோ? கரைவலை இழுத்த கை. விடிய விடியச் சுத்துவார்.” அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதே? கண்ணை மூடிக்கொண்டெல்லோ கிடப்பியள். குழல் ஊதத் தொடங்க நான் கேத்திலை வைப்பன். அது முடிய, தேத்தண்ணி கொண்டு வருவன். வலக்கையாலதான் சுத்துவார். ஆனால் இடக்கையால என்ர கையில ஒண்டும் வாங்கமாட்டார். இடக்கைக்கு மிதியை மாத்திப்போட்டு, வலக்கையை நீட்டுவார். அந்த நேரம்தான் பாட்டு விழும். பேந்து எழும்பும்.”

 போனில் ஆங்கிலேயர்கள் யாருக்கோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

“அவர் இல்லாமல் இது எப்பிடிப் போகுமெண்டு கேக்கோணும் எண்டு இருந்தனான்,” என்றாள். “நல்லாத்தான் போகுது.”

பஸ்தியாம்பிள்ளை அவள் பக்கம் குனிந்தான். “அப்ப... பேரைக் குடுக்கட்டோ பிள்ளை?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை,” என்று என்னிடம் சொன்னாள்.

போட்டேன். குழல் தொடங்கியதும் அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். அடுப்பில் கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தால் என்ன சொல்வாள் என்று பஸ்தியாம்பிள்ளை கண்ணால் என்னைக் கேட்டான். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர்கன் ஏறத் தொடங்கியபோது குசினி வாசலில் அவள் நிழல் விழுந்தது. கையில் ஒரேயொரு கோப்பை. ஆவி பறந்தது.

எருமைகளைப் பற்றி நான் எழுதியதை நம்பாதீர்கள். யானையையும் நம்பவேண்டாம். இதைப் பெல்ஜியத்துக்காரனுக்கு நான் எழுதப்போவதில்லை. ஓர்கன் மேலே ஏறி வந்த அந்த இடத்தில் பாட்டு நின்றது. அந்தப் பக்கம் கவரேஜ் குறைவு, எனக்குத் தெரியும். போன் அடிக்கடி அப்படி நிற்கும், அதுவும் தெரியும். பஸ்தியாம்பிள்ளையின் விரலில் செபமாலையின் மணி நகராமல் நின்றது. வெளியே பனையில் ஓலை உரசுவது கேட்டது. கறுத்த திரையின் நடுவில் வெள்ளையாய் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது, சைக்கிள் சில்லைப்போல, சுற்றிச் சுற்றி.

கிறேஸ் கதவடியில், யாருமில்லாத பக்கத்தைப் பார்த்துக் கோப்பையை நீட்டினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கையைத் தாழ்த்தவில்லை.