அறுபத்திரண்டரை கிராம்

மதியம் ஒன்றே முக்கால். அபாயப் பொருட்களை அனுப்புகிறவர்களைச் சோதிக்கிற அரசாங்க இன்ஸ்பெக்டர் ப்ரூயிட் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எங்கள் அனுப்புதல் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் ஓரின் எதிரே உட்கார்ந்து தேவையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பயம் வந்தால் இந்த மனிதருக்குச் சிரிப்பு வரும். முப்பது வருஷமாகப் பார்த்துச் சலித்துப்போன சிரிப்பு.

மொன்டானாவில் எங்களுடையது சின்னப் பட்டறை. பொழுதுபோக்குக்கு ராக்கெட் விடுகிறவர்களுக்கு மோட்டார் செய்கிறோம். பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். மோட்டாருக்குள் எரிகிற மருந்தைக் கலப்பது ஓரின். மோட்டாரைப் பெட்டியில் கட்டி, எந்த வகை அபாயப் பொருள் என்று லேபிள் ஒட்டி, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நான், வெர்னா. லேபிள் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இங்கே கிடையாது.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு மோட்டாரில் மருந்து அறுபத்திரண்டரை கிராமைத் தாண்டாவிட்டால் சிறு வகை, பயணிகள் விமானத்தில் போகலாம். தாண்டினால் பெரிய வகை. ஆட்கள் ஏறும் விமானத்தின் பக்கமே அது போகக் கூடாது. என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ப்ரூயிட் பிப்ரவரி மாத எடைத்தாளைக் கேட்டார். கோப்பைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே வேறொரு தாள் இருந்தது. புதிய ஜி மோட்டார். ஓரினின் கோழிக் கிறுக்கலில், மருந்து எழுபத்தெட்டு கிராம்.

ராக்கெட் விடுகிற நாங்கள் மோட்டாரை எழுத்தால்தான் சொல்வோம். ஏ, பி என்று எழுத்து ஏற ஏற உந்து சக்தி கூடும். மைதானத்தில் எல்லோருக்கும் ஜி வரைக்கும் சின்னது, அதற்கு மேல்தான் பெரியது. நானும் இருபது வருஷமாக விடுகிறவள். ஜி என்றதும் கை தானாகச் சிறு வகை லேபிளை எடுத்திருக்கிறது. ஆனால் சட்டம் எழுத்தைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது. பழைய ஜியில் அறுபது கிராம்தான். இன்னும் உயரம் போகணும் என்று வாடிக்கையாளர்கள் நச்சரித்ததால் ஓரின் புதியதைச் செய்தார். தராசைப் பார்த்து ஒட்டு, தராசைப் பார்த்து ஒட்டு என்று ஊரையே திட்டுகிற நான் தராசைப் பார்க்கவில்லை. இன்று காலை அப்படிப் பன்னிரண்டு மோட்டாரைக் கட்டி பில்லிங்ஸ் நகரத்துக்குப் போகும் விமானத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒன்பது இருக்கை விமானம். இரண்டு இருபதுக்குக் கிளம்பும். ஓட்டுவது டெஸ், எங்கள் ராக்கெட் சங்கத்துப் பெண்.

என் முகத்தைப் பார்த்ததுமே ஓரினுக்குப் புரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்குக் காபி என்ற சாக்கில் என்னைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் மூணு மணிக்குக் கிளம்பிடுவார். அதுவரைக்கும் வாயைத் திறக்காத," என்றார்.

"விமானம் ரெண்டு இருபதுக்கு."

"நெருப்பு வெச்சாத்தானே எரியும்? பெட்டி அது பாட்டுக்குக் கிடக்கும், போய்ச் சேரும். அந்த ஆளு காதுல விழுந்தா பட்டறைக்குப் பூட்டுதான் வெர்னா. பதினோரு குடும்பம்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மருந்து தானாகப் பற்றாது. ஆனால் விமானத்தில் வேறேதாவது பற்றிக்கொண்டால்? பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று டெஸ் காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பாள். அந்தக் காகிதத்தின் அடியில் இருப்பது என் பெயர்.

காபியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய், ப்ரூயிட்டின் கண்ணெதிரே விமான நிலையக் கவுன்டருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. டெஸ்ஸின் கைப்பேசி அணைந்திருந்தது. இரண்டு எட்டு. ப்ரூயிட் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன மேடம்?"

சொல்லிவிட்டேன். ஒன்றுவிடாமல், மூச்சு வாங்கிக்கொண்டு. அவர் கத்தவில்லை. தன் போனை எடுத்து நிலைய மேலாளரின் சொந்த எண்ணை அழைத்தார். இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. நிறுத்தச் சொல்லி யாரையாவது ஓடவிடுங்கள் என்றார் ப்ரூயிட். அப்புறம் போனில் காற்றுச் சத்தம் மட்டும். மேலாளர் திரும்ப வந்து, பெட்டியை இறக்கியாயிற்று என்றபோது மணி இரண்டு இருபத்து மூன்று.

ப்ரூயிட் ஒரு புதிய தாளை எடுத்தார். "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி போயிருக்கா?"

"இல்ல சார், இதான் மொதல் தடவை," என்றார் ஓரின், கேள்வி முடிவதற்குள்.

எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிஷங்களில், மனசு பழைய பெட்டிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டது.

"மூணாவது," என்றேன்.

மறு உத்தரவு வரும்வரை பட்டறையிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ப்ரூயிட் கிளம்பினார். ஆட்களை வீட்டுக்கு அனுப்பினோம். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் காரும் போன பிறகுதான் ஓரின் பேசினார்.

"இன்னிக்குப் பெட்டியை எறக்கினது நியாயம். ஒத்துக்கறேன். பழசை எதுக்குச் சொன்ன? அதெல்லாம் போய்ச் சேர்ந்து மாசக் கணக்காச்சு. யாரு செத்துட்டா?"

பெட்டிகள் அனுப்பிய பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தேன். ஏப்ரல் ஒன்பது. இருபத்து நான்கு மோட்டார்.

"நீங்க கண்ணு ஆபரேஷனுக்குப் போன விமானம். காலை நீட்டிக்கலாம்னு பின் சீட்டு கேட்டு வாங்கினீங்க. பெட்டி உங்க முதுகுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. அதைக் கட்டிட்டு வந்துதான் உங்களுக்குக் கையாட்டினேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எல்லாம் என்மேல்தான்.

ஓரின் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதிவேட்டில் முதல் பெட்டி போன மார்ச் மாதப் பக்கத்தைத் தேடினார்.

"டெஸ்ஸுக்குப் போன் போடு," என்றார். "மார்ச்சுல அந்தப் பெட்டி போன விமானத்துல யாரெல்லாம் போனாங்கன்னு கேளு."