டிராயரில் வைத்த மார்ச் மாதம்

வெர்னா ஸ்பென்ஸின் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வற்றும். கீழே குடாவில் கடல் எப்படியோ அப்படியே. அதே வாளிக் கடல்நீரை மொண்டு க்ளிஃபர்ட் தன் மேசையில் வைத்த குடுவை மட்டும் சும்மா கிடந்தது. இருவரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், ஒரே வயசு. அமோனியாவில் ஓடப்போகும் புதுக் கப்பல்கள் கரையோரம் எரிபொருள் நிரப்பினால் கடலுக்கு என்ன கேடு என்று சொல்ல, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரையில் இருந்த அவர்கள் சிற்றூர் அமர்த்தியிருந்தது இந்த இரண்டு பேரைத்தான். அமோனியா கரிப்புகை கக்காது. சிந்தினால் எண்ணெய் மாதிரி வருஷக்கணக்கில் பாறையில் ஒட்டிக் கிடக்காது. ஆனால் சிந்திய இடத்தில் மீனைக் கொன்றுவிடும். க்ளிஃபர்ட் பெரிய படிப்புக்காரன், பதினோரு வருஷமாக நீரோட்டக் கணக்குப் போடுகிறவன். ஊரோ அவன் வரைபடங்களைத் தாண்டிப் போய் அவள் குடுவை முன்னால் வரிசையில் நின்றது. வயிறு எரியாமல் என்ன செய்யும்!

ஜூலையில் வெர்னா குடுவையில் ஒரு சொட்டு அமோனியா விட்டாள். அடுத்த வற்றத்தோடு அது போய்விட்டது. மறு மார்ச்சில், ஹெர்ரிங் மீன்கள் சினையிட வந்து குடா பாலாக வெளுக்கும் வாரத்தில், குடுவையும் வெளுத்தது. அப்போது ஒரு சொட்டு விட்டாள். பால் திரிந்து பன்னிரண்டு நாள் நாறியது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் எரிபொருள் நிரப்பவே கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவன் க்ளிஃபர்ட். வருஷம் முழுக்கச் சராசரி பார்த்தால் ஆபத்து குறைவு என்று எழுதினான்.

"சராசரி மாசத்துல எந்த மீனும் சினை போடாதுடா. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"குடுவை சொன்னதையெல்லாம் ரிப்போர்ட்ல போடமுடியாது" என்றான். அவனுக்கும் தெரியும். சின்ன வயசில் இருவரும்தான் ஹெம்லாக் மரக்கிளைகளைக் கடலில் கட்டித் தொங்கவிட்டு, அதில் படியும் சினையைப் பறித்துத் தின்றவர்கள். இருந்தும் அந்தப் பக்கத்தை டிராயரில் போட்டுப் பூட்டினான். ஊர்ச் சபையில் அது தொலைந்துபோனதாகச் சொன்னான்.

அடுத்த மார்ச்சில், சபை கப்பல் கம்பெனிக்கு அனுமதி கொடுக்கவிருந்த வெள்ளிக்கிழமை காலை, அவன் டிராயரிலிருந்து வெள்ளைத் தண்ணீர் ஒழுகியது. திறந்தான். வெர்னாவின் பக்கத்தில் இரண்டு புறமும் கட்டைவிரல் கனத்துக்குச் சினை படிந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. பேசாமல் மறுபடி பூட்டியிருக்கலாம். அவனோ சந்தோஷம் தாங்காமல் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சபைக்கு ஓடினான்.

"என்கிட்டயும் வந்துடுச்சு வெர்னா!"

அவள் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். "நல்ல சினைதான். எங்க கிடந்துச்சு?"

"என் டிராயர்ல" என்று பெருமையாகச் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

சினையைச் சுரண்டி எடுத்ததும் எழுத்து தெளிவாகவே இருந்தது. மார்ச், ஏப்ரலில் நிரப்பக் கூடாது என்று முடிவானது. க்ளிஃபர்டின் கையெழுத்து அதிகாரம் வெர்னாவுக்குப் போயிற்று. சினையை வெண்ணெயில் வதக்கி எல்லோரும் தின்றார்கள், அவனுக்கும் ஒரு பங்கு வந்தது. அந்த டிராயரை இன்றும் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் திறக்கிறார்கள். அதில் தண்ணீர் அவள் குடுவையைவிட இரண்டு விரல் கூடுதலாக ஏறுகிறது என்று க்ளிஃபர்ட் அளந்து வைத்திருக்கிறான். வெர்னா அதை மறுப்பதில்லை.