எட்டு மணி வரை பார்த்துக்கொள்வோம்

பள்ளி விட்டதும் எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று அலையாய் அலைந்தவர்கள் நானும் பாண்டிசெல்வியும்தான். ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து மெஷின்களில் வேலை எங்களுக்கு. மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் வந்தோம். கடைசியில் நகராட்சி கட்டடம் தந்தது. டீச்சர் சம்பளம், கம்ப்யூட்டர், சுண்டல் எல்லாம் எங்கள் கம்பெனி பொறுப்பு. திறப்பு விழாவில் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் புகழ்ந்து தள்ளினார்கள். பாண்டிசெல்வியையே மையப் பொறுப்பாளராகப் போட்டதும் எனக்கே வேலை கிடைத்ததுபோலக் குதித்தேன், மடச்சி.

கணக்கு என்றாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் என் மகள் மகாலட்சுமி, அங்கே போனபின் சோறு தின்னும்போதுகூடக் கணக்குப் பேசினாள்.

தை முடிந்ததும் ஐந்தரைக்கு முடியும் எங்கள் ஷிப்டை எட்டு மணிவரை இழுத்தார்கள்.

"பிள்ளைகளத்தான் எட்டு மணி வரைக்கும் நாங்க பாத்துக்கிடுதோமே, பொறவு என்னம்மா அவசரம்?" என்றார் மேனேஜர்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தரைக்கு மெஷினை நிறுத்திவிட்டு நேராக மையத்துக்குப் போனேன். பாண்டிசெல்வி வாசலை மறித்து நின்றாள்.

"எட்டு மணி ஷிப்டு பாக்கிறவங்க பிள்ளைகளுக்குத்தான் இனி இங்க இடம், வேலுத்தாயி. நீ மகாவக் கூட்டிட்டுப் போயிரு."

"இது நகராட்சி எடம்லா? அவிய ஒண்ணும் கேக்கலையா?"

"கம்பெனியும் நகராட்சியும் பேசித்தான முடிவு பண்ணிருக்காவ."

"ஏட்டி, ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெறக்கதுக்கு முன்னாடியே சொல்லிட்டாவ. வெளிய சொன்னா இந்த வேல கெடையாதுன்னாவ."

கூடவே நடந்து, கூடவே குழி பறித்திருக்கிறாள்.

"ஏ மகா, பைய எடுத்துட்டு வா!" என்று கத்தினேன்.

கரும்பலகையின் முன்னால் நின்ற மகள் திரும்பாமலே, "செத்த நேரம் இரும்மா, இந்தக் கணக்கப் போட்டுட்டு வாரேன்" என்றாள். விடை வந்ததும் தனக்குத்தானே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அவளை எப்படி இழுத்துக்கொண்டு போவேன்? "அவ இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் எட்டு மணி வரை மெஷின் ஓட்டக் கம்பெனிக்கே திரும்பி நடந்தேன்.

"நீ வாரேன்னு சூப்பர்வைசருக்குப் போன் பண்ணிச் சொல்லிருதேன்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் பாண்டிசெல்வி. "ஒன் மெஷின வேற ஆளுக்குக் குடுத்துறாம."

உதவி செய்கிறாளாம்.