வெள்ளை என்று காட்டிய துணி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. சின்ன டிஜிட்டல் கேமராவில் நிறம் சரியாக விழ என்ன செய்யவேண்டும் என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரிகூடப் போட்டாயிற்று: ‘ஃப்ளாஷை அணையுங்கள், ஜன்னல் பக்கம் வாருங்கள்.’ மேற்கொண்டு விவரம் கேட்க ஒரு படக்காரனிடம் போனேன். அவன் சொன்னதைக் கேட்டபிறகு கட்டுரைக்குக் கை ஓடவில்லை. ஐயோ, இப்படியுமா நடக்கும் என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

2

அவன் ஒரு டைல்ஸ் கடைக்கு விளம்பரப் படம் எடுப்பவன். கடையில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘கலர்’. ஒரு நாள் மாலை அவன்

(வேண்டாம். ‘ஒரு நாள்’ என்றால் ஏதோ சாவகாசமான கதை போலிருக்கிறது.)

டைல்ஸில் வெள்ளைக்கும் ஐவரிக்கும் நூலிழைதான் வித்தியாசம். படத்தில் அது மாறிப்போனால் வாங்கியவர் பெட்டியோடு வந்து சண்டைக்கு நிற்பார். அதனால் கலர் எப்போதும் முதலில் ஒரு வெள்ளைப் பொருளைக் கேமராவுக்குக் காட்டி, ‘இதுதான் வெள்ளை, மற்றதை இதை வைத்துப் பார்த்துக்கொள்’ என்று பழக்கிவிட்டுத்தான் படமே எடுப்பான்.*

(* கேமராவில் இதற்கு ‘வொயிட் பேலன்ஸ்’ என்று பெயர். அது அப்பாவி, எதைக் காட்டினாலும் நம்பிவிடும். மஞ்சளான ஒன்றைக் காட்டி வெள்ளை என்றால், படத்திலுள்ள மஞ்சளையெல்லாம் குறைத்துவிடும். கட்டுரையில் இதை ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதாக இருந்தேன்.)

3

அவனுக்கு மகன் பிறந்து, வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம். பிள்ளைக்குக் காற்று ஆகாது என்று ஜன்னலையெல்லாம் மூடி, திரையை இழுத்துவிட்டிருந்தான். பகலிலும் மஞ்சள் பல்புதான்.

“என்னங்க, பிள்ளை மஞ்சளா தெரியறான்” என்றாள் மனைவி.

“பல்பு வெளிச்சம்மா. அதுல நீயும்தான் மஞ்சளா இருக்கே.”

“கண்ணைப் பாருங்க, கண்ணுகூட...”

“நம்ம கண்ணு ஏமாத்தும். கேமரா ஏமாத்தாது. இரு.”

(திரையை விலக்கித் தொலையேன்டா! இந்த இடத்தில் இவனை வில்லனாக்கிவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. பாசத்தில்தான் அத்தனையும் செய்கிறான்.)

பிள்ளைக்கு அடியில் விரித்திருந்த துணியை ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவுக்குக் காட்டினான். எடுத்தான். படத்தில் பிள்ளை நல்ல சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்தான். வெளியூரில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவைத்தான்.

“ரோஜாப்பூ மாதிரி இருக்கான்டா தம்பி” என்று போனில் அக்கா சிரித்தாள். “உன் பொண்டாட்டிய சும்மா பயப்படாம இருக்கச் சொல்லு.”

மனைவி அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. புருஷன், கேமரா, நர்ஸ் நாத்தனார் என்று மூன்று பேர் எதிரே நின்றால் யார்தான் பேசுவார்கள்?

4

இரண்டு நாள் போயிற்று. பிள்ளை பாலுக்கு விழிப்பதே குறைந்தது. பாதத்தைச் சுண்டினாலும் முனகிவிட்டுத் தூங்கினான்.

“இன்னொரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம். அந்த வெள்ளைத் துணியை எடு” என்றான் கலர்.

“எந்த வெள்ளைத் துணி?”

“அன்னிக்குப் பிள்ளைக்கு அடியில போட்டிருந்தியே.”

“அது வெள்ளை இல்லீங்க. சந்தன கலரு.”

“என்னது?”

“சந்தன கலரு. வாங்கினதுலேருந்தே அப்படித்தான்.”

அவன் பாய்ந்து போய்த் திரையைக் கிழிக்காத குறையாக இழுத்தான். வெயில் பிள்ளைமேல் விழுந்தது. முகம் மஞ்சள். வயிறு மஞ்சள். உள்ளங்கால்வரை மஞ்சள்.

“ஐயையோ” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “நான் அழிச்சிட்டேன்டி. இவன் உடம்பு மஞ்சள நானே படத்துல அழிச்சு அனுப்பிட்டேன்.”

அவள் அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

5

முதல் முடிவு: காமாலைக் குழந்தைகளுக்கு வைக்கும் நீல விளக்கின் கீழே கிடத்துகிறார்கள், பிள்ளை பிழைக்கிறான், எல்லோரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். எழுதினேன். என்னை நானே தட்டிக்கொடுப்பது போலிருந்ததால் அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: டாக்டர் மெல்லத் தலையை

(மாட்டேன். இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

‘அவனையே கேட்டிருக்கலாமே’ என்பீர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் சொன்னவன் அங்கேயே நிறுத்திவிட்டான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க எனக்கு நெஞ்சில் தைரியம் இல்லை.

ஆகையால் அவன் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறோம். டாக்டரம்மா பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“எப்போலேருந்து இப்படி இருக்கான்? வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையா?”

மனைவி திரும்பி, புருஷன் முகத்தையே பார்த்தாள்.

அவன் சொல்வதற்கு என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். ஒன்றையும் அவள் முன்னால் வைத்துச் சொல்ல முடியவில்லை. உங்களிடம் ஏதாவது இருந்தால் அவனுக்குக் கொடுங்கள்.