சிரிப்பு ஓயும்வரை

சிரிப்பைவிட அழுகையை நடிப்பது எளிது. கண்ணீர்கூட வேண்டாம். அழுகிறவர் மூச்சை எப்படி உள்ளே இழுக்கிறார் என்பதைப் பிடித்துவிட்டால் போதும், மீதியைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

பெர்சி பிடித்தது தன் மாமியார் செபமாலையம்மாளின் மூச்சை. இடுக்கி மலையில் அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் யார் இறந்தாலும் முதல் ஒப்பாரி அவருடையதுதான். தாழ்ந்த குரலில் தொடங்குவார். இறந்தவரின் பெயர் வருவதற்குச் சற்று முன், படியில் தடுக்கியவரைப் போல மூச்சு ஒருமுறை மேலே துள்ளி நிற்கும். பிறகுதான் பெயர் வரும். பெர்சி அந்தத் துள்ளலை மட்டும் எடுத்து இன்னும் கொஞ்சம் நீட்டினான். பெயர் வரவேண்டிய இடத்தில் காணாமல் போன கோழியை வைத்தான், ரீசார்ஜ் தீர்ந்த போனை வைத்தான். மிமிக்ரி மேடைகளில் அதுதான் அவனுடைய கடைசி ஐட்டம். மலையில் மாதா கோயில் திருவிழாக்களிலும், கீழே பாலக்காட்டுப் பக்கத்து உற்சவங்களிலும் அதற்காகவே அவனைக் கூப்பிட்டார்கள்.

முதல்முறை பார்த்தபோது எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் செபமாலையம்மாள்தான்.

"ஏட்டி பிலோமி, ஒன் மாப்பிள்ளை என்னைய அப்படியே உரிச்சு வச்சிட்டாரேட்டி! இனிமே எழவு விழுந்தா துட்டி வீட்டுக்கு நான் போவண்டாம், அவரையே அனுப்பிருவோம்" என்று மகளின் தோளில் அடித்தார். பிலோமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

போன வருடம் மழையில், பிலோமியை வேலைக்கு ஏற்றிப்போன ஜீப் ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவில் உருண்டது.

சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து செபமாலையம்மாள் தொடங்கினார். மகளின் பெயருக்கு முன்னால் மூச்சு துள்ளியது. வாசலில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. சிரித்தவரே பதறி வாயைப் பொத்திக்கொண்டார். பெர்சி நடித்த நகல் எல்லோருடைய போனிலும் இருந்தது. நகலைப் பலமுறை கேட்டுப் பழகிய காதுக்கு அசல்தான் நகலைப் போலக் கேட்கும். செபமாலையம்மாள் பெயரைச் சொல்லாமலே நிறுத்திவிட்டார்.

அதன்பின் அவர் அழவில்லை. கொழுந்து கிள்ளப் போனார், கஞ்சி வைத்தார். மகளின் பெயர் தொண்டைக்கு வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் அழுங்க அத்தை" என்றான் பெர்சி.

"அழுதா எல்லாரும் சிரிப்பாவ மாப்ள."

அவன் மிமிக்ரியை விட்டான். கோயில் பாடகர் குழுவில் சும்மா கிடந்த கிட்டாரை வாங்கி வந்து, பிலோமியைப் பற்றிப் பாட்டுக் கட்டினான். முதலில் பாடியது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஓர் உற்சவ மேடையில். பாடப் போகுமுன் மேடைக்குப் பின்னால் விழாக் கமிட்டிக்காரர் ராக்கப்பன் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, பாட்டெல்லாம் செரி. அந்த அழுவாச்சி ஐட்டம் எப்பங்க?"

"அது இனிமே கெடையாதுங்க."

"அட, அதுக்குத்தானுங்க சனமே உக்காந்திருக்குது! என்ற ஊட்டுக்காரி சோறுகூட ஆக்காம வந்திருக்கறா."

பாட்டில் பிலோமியின் பெயர் வந்த இடத்தில் பெர்சிக்கு நிஜமாகவே மூச்சு துள்ளியது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

ஊர் திரும்பும் பேருந்தில் யோசித்தான். அந்த மூச்சு வராமல் பாட்டுக் கட்டிவிடலாம், சிரிக்கமாட்டார்கள். ஆனால் அத்தையின் மூச்சில் ஒட்டிய சிரிப்பு அங்கேயே இருக்கும். அதைக் கொல்லவேண்டும். அதற்கு ஒரு வழிதான் உண்டு. சிரிக்கவைப்பவர்கள் எல்லோரும் பயப்படும் வழி: சொன்னதையே திரும்பச் சொல்வது. சிரிப்பு எதிர்பாராத இடத்தில் பிறக்கிறது. வரும் என்று தெரிந்த இடத்தில் அதுவே மறுபடி மறுபடி வந்தால் செத்துவிடும்.

புதிய பாட்டில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அந்த மூச்சை வைத்தான். கோழி இல்லை, போன் இல்லை. 'வாசல்ல ஒஞ் செருப்பு கெடக்கு' என்று ஒரு வரி. மறுபடி மூச்சு. 'ஆணியில ஒங் கொடை தொங்குது' என்று இன்னொன்று. முதல் வரிக்கு எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு சிலர். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முடியும்போது சத்தமே இருக்காது. கிடைத்த மேடையிலெல்லாம் அதைப் பாடினான். கூப்பிடுவது குறைந்தது.

"லேய், ஒஞ் சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுதியே" என்றான் மிமிக்ரி குழுத் தலைவன் ஜோஜோ.

"தெரிஞ்சுதாண்டே போடுதேன்."

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. தோட்டத்துச் சனமெல்லாம் கல்லறைச் சரிவில் புல் செதுக்கி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். செபமாலையம்மாள் மகளின் சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்துப் போனபின் பெர்சி கிட்டாரை எடுத்தான். முதல் மூச்சுக்குச் சிரிப்பு எழுந்தது. பாடினான். சிரிப்பு மெலிந்தது. கடைசியில் மெழுகுவர்த்திகள் காற்றில் படபடப்பதுகூடக் கேட்டது. அடுத்த வரியைப் பாடாமல் அத்தைக்கு விட்டான்.

செபமாலையம்மாள் வாயைத் திறந்தார். மூச்சை உள்ளே இழுத்தார். சுற்றிலும் பார்த்தார். மூச்சு சத்தமில்லாமல் வெளியே போயிற்று.

"எல்லாரும் என்னையவே பாக்காவளே மாப்ள" என்றார். "நான் எப்படி அழுவ?"

பெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பைக் கொன்றிருந்தான், மேடை அப்படியே இருந்தது. துட்டி வீட்டில் யாரும் ஒப்பாரியை இப்படிக் காதுகொடுத்துக் கேட்பதில்லை. நாற்காலி இழுபடும், குழந்தை கத்தும், ஆளுக்கொரு பக்கம் அழுவார்கள். அந்த இரைச்சலுக்குள்தான் ஒருவர் தன் அழுகையை அழமுடியும்.

அவன் எழுந்து அத்தைக்கு முதுகைக் காட்டி நின்று, அவரை மறைத்துக்கொண்டான். தந்திகள் அறுந்துவிடும்போல கிட்டாரை அடித்தான். எல்லோருக்கும் தெரிந்த மாதா பாட்டு ஒன்றைத் தொண்டை கிழியப் பாடினான். சனமும் சேர்ந்துகொண்டது. சரிவு முழுவதும் ஒரே சத்தம்.

முதுகில் எதுவோ வந்து முட்டியது. அத்தையின் தலை. அது குலுங்கிக்கொண்டே இருந்தது. எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் பிடித்துவிடும் பெர்சி அந்த அழுகையைக் கேட்கவில்லை. இன்னும் பலமாகப் பாடினான்.